ரெண்டும் முட்டைதானுங்களே

கோயமுத்தூருக்குத் தெற்கே, ரயில் பாதைக்கு அக்கட்டால இருக்கிற தொழிற்பேட்டையில், ஒரு புதன்கிழமை காலை பத்தே காலுக்கு, டீ குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள், நூற்றுப் பன்னிரண்டு மெஷின்களும் ஒன்றுபோலப் படிக்க மறந்துபோயின. கரண்ட் இருந்தது, காற்று இருந்தது, எண்ணெய் இருந்தது, மோட்டார் எல்லாம் உறுமிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் இரும்பை எங்கே தொட வேண்டும், எவ்வளவு இறங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று வரி வரியாக எழுதி வைத்திருக்கிற புரோகிராமை மட்டும் ஒரு மெஷினாலும் வாசிக்க முடியவில்லை. எல்லாத் திரையிலும் ஒரே சிவப்பு வரி, படிப்பதில் பிழை என்று. பூங்கோதையின் போன் பத்தே காலுக்கு அடிக்க ஆரம்பித்தது, மத்தியானச் சோற்றுக்குள் முப்பத்தொன்பது பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

பூங்கோதைக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருசமாக மெஷின்களின் மூளைப் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பதுதான் பொழப்பு. புரோகிராம் ஏறவில்லை, பாதியில் நின்றுவிட்டது, மெமரி கார்டை எடுக்கவில்லை என்று எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் ஸ்கூட்டியில் பையை மாட்டிக்கொண்டு போய் நிற்பாள். அவளுக்கென்று ஒரு வரிசை உண்டு. முதலில் கேபிள், பிறகு எர்த், பிறகு மெஷினும் லேப்டாப்பும் ஒரே வேகத்தில் பேசிக்கொள்கின்றனவா என்பது, பிறகு புரோகிராமுக்கு முன்னாலும் பின்னாலும் காவலுக்கு நிற்கிற சதவீதக் குறி, கடைசியில் முதல் எழுத்து. அன்றைக்கும் அந்த வரிசை தப்பாமல் முப்பத்தொன்பது மெஷினைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருந்தால் என்ன செய்வது என்று அவள் வரிசையில் இல்லை. வீட்டுக்குப் போய், காலையில் மிஞ்சிய ரெண்டு தோசையைத் தின்றுவிட்டு, விளக்கைக்கூட அணைக்காமல் படுத்துவிட்டாள்.

அசதி என்றால் அப்படியொரு அசதி. அது புதன்கிழமை வந்த அசதி அல்ல, பதினோரு மாசத்து அசதி. அதைப் பிறகு சொல்லலாம்.

விடை கண்டுபிடித்தது பூங்கோதை அல்ல, ராசம்மிணி. மருதாசலத்தின் கம்பெனியில் இரும்புச் சுருள் கூட்டி அள்ளுகிறவள். அதற்கு முன்னால் முப்பது வருசம் பஞ்சாலையில் நூல் ஓட்டினவள். அந்த இரைச்சலுக்கு மேல் பேசிப் பேசி, காதில் ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரைக்கும் கேட்கும் தொண்டை. வெள்ளிக்கிழமை காலையில் மூன்றாம் நம்பர் மெஷின் முன்னால் விளக்குமாற்றை ஊன்றி நின்றவள், சுவரில் ஒட்டியிருந்த புரோகிராம் தாளைப் பார்த்து, படிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளையைத் திட்டுகிற மாதிரியே திட்டினாள். "எக்ஸு முப்பது, இசட்டு மைனஸ் ரெண்டு. இதுகூடத் தெரியலயா சாமி உனக்கு? கண்ணு அவிஞ்சா போச்சு?"

மெஷின் முப்பது மில்லிமீட்டர் நகர்ந்து, ரெண்டு மில்லிமீட்டர் இறங்கி, அடுத்த வரிக்காக நின்றது.

மருதாசலம் பூங்கோதைக்குப் போன் போட்டார். அவள் வந்தாள். ராசம்மிணி இன்னொரு வரி படித்தாள், மெஷின் இன்னொரு வெட்டு வெட்டியது. பூங்கோதை ஒரு நிமிசம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து சர்வீஸ் தாளை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில், 'மெஷினுக்குப் படித்துக் காட்ட வேண்டும்' என்று எழுதி, மருதாசலத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போய்விட்டாள்.

ஆச்சரியப்படுவதற்குப் பேட்டையில் யாருக்கு நேரம் இருக்கிறது? திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய சரக்கு வெள்ளிக்கிழமை பாதியில் கிடக்கிறபோது, மெஷின் காதால் கேட்டால் என்ன, மூக்கால் மோந்தால் என்ன. அடுத்த வாரத்துக்குள் மூடின மில்களில் வேலை பார்த்த பெண்களெல்லாம் ஆளுக்கொரு மெஷின் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். எந்த மெஷினுக்கு எந்தக் குரல் ஒத்துப்போகும் என்று ஒரு பழக்கம் வந்தது. ஒன்று அதட்டினால்தான் அசைந்தது, ஒன்று கொஞ்சினால்தான் அசைந்தது, பம்ப் கம்பெனி லேத் ஒன்று படிக்கிறவர் சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிட்டுத்தான் படிக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டது. ஈஸ்வரன் கோயில் ஓதுவார் ஆசைப்பட்டு வந்து ஒரு புரோகிராமை இழுத்து இழுத்துப் பாட, இருபது ஷாப்ட்டும் அலை அலையாக வந்து நின்றன. வெளியே ஒருவர் போனில் வீட்டுக்காரியிடம், ரெண்டு கிலோவா நாலு கிலோவா தக்காளி என்று கேட்டுக்கொண்டு நடக்க, உள்ளே ஒரு மெஷின் கேட்காத இடத்தில் ரெண்டு ஓட்டையும் அதற்குப் பக்கத்தில் நாலு ஓட்டையும் போட்டு வைத்தது. அதற்குப் பிறகு மெஷின் பக்கத்தில் போன் பேசக் கூடாது என்று போர்டு மாட்டினார்கள், டீக்கடை ரேடியோவை மெயின் ரோட்டுக்கு மாற்றினார்கள், பதினொரு மணிக்கு டீக்குப் பதிலாகச் சுக்குக் காப்பி வந்தது. தொண்டை கட்டினால் லீவு உண்டு என்றானது. மெஷின் செய்த கம்பெனியின் மேலாபீஸிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, பத்து நிமிசம் கேட்டுவிட்டு, இதுக்கு எங்க ஃபாரத்துல கட்டம் இல்லைங்களே என்று வருத்தப்பட்டுப் போனார்.

ஒரேயொரு தொல்லைதான் ஓயவில்லை. அது முட்டை.

ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு நம்பர் உண்டு, அந்த நம்பர் ஆங்கில எழுத்து ஓவில்தான் ஆரம்பிக்க வேண்டும். அந்த ஓவும் வட்டம், சைபரும் வட்டம். பேட்டையில் ஓவையும் முட்டை என்பார்கள், சைபரையும் முட்டை என்பார்கள். கண்ணால் படித்த காலத்தில் அது பெரிய சங்கடமில்லை. காதால் படிக்கிற மெஷின், முட்டை என்றதும் திகைத்துப்போய் நின்றது. பூங்கோதைதான் கம்பெனி கம்பெனியாகப் போய்ச் சொன்னாள். வாயைக் குவிச்சு ஓன்னு சொன்னா எழுத்து, சைபர்னா சைபர், முட்டைன்னு மட்டும் யாரும் சொல்லாதீங்க. ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கு வாய் கசந்தது. ஏனென்றால் இதே வார்த்தையை இருபது வருசமாக அவள் ஒரே ஒரு ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆள் இப்போது இல்லை.

திருமூர்த்தி மருதாசலத்தின் கம்பெனியில் ஏழாம் நம்பர் மெஷினை ஓட்டியவன். பூங்கோதை சர்வீஸுக்கு வந்த முதல் வருசம், புரோகிராம் ஏறவில்லை என்று கூப்பிட்டார்கள். கேபிளிலிருந்து ஆரம்பித்து ரெண்டு மணி நேரம் தேடி, கடைசியில் பார்த்தால் முதல் எழுத்தில் ஓவுக்குப் பதிலாகச் சைபர். "ஏனுங்க, இதுகூடவா பார்க்க மாட்டீங்க?" என்று எரிந்து விழுந்தாள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு, "ரெண்டும் முட்டைதானுங்களே" என்றான். அடுத்த வாரம் மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி சைபர். அதற்கடுத்த வாரமும். கல்யாணத்துக்குப் பிறகுதான் ஒப்புக்கொண்டான், முதல் தடவை தெரியாமல் போட்டதாகவும், மிச்சமெல்லாம் அவளை வரவைக்கப் போட்டதாகவும். திருட்டுப் பயல் என்று அவள் தலையணையால் அடித்தாள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அவன் விடவில்லை. ரெண்டு பேருக்கும் சண்டை வந்து பேச்சு நின்றுபோனால், அவனுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாது, அவளுக்கு முதலில் பேசத் தெரியாது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ மருதாசலம் போன் பண்ணுவார். "அம்மிணி, ஏழாம் நம்பர்ல மறுபடி படிப்பதில் பிழைங்க." அவள் பையை எடுத்துக்கொண்டு வருவாள். அவன் மெஷினுக்கு அந்தப் பக்கம் துணியால் கை துடைத்துக்கொண்டு நிற்பான். அவள் கேபிளையோ எர்த்தையோ தொடக்கூட மாட்டாள், நேரே முதல் எழுத்துக்குப் போவாள். சைபரை அழித்து ஓ போடுவாள். அவ்வளவுதான், சண்டை முடிந்தது. கம்பெனி முழுக்க அது தெரியும். மருதாசலம் அந்தத் தாள்களில் சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போடுவார்.

மெஷின்கள் படிக்க மறப்பதற்குப் பதினோரு மாசத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை சண்டை வந்தது. பெரிய விசயமெல்லாம் இல்லை. அவள் சித்தப்பா மகன் வீட்டுப் புதுமனைக்கு அவன் வர மாட்டேன் என்றான். அவள், நீங்க எதுக்குத்தான் வந்தீங்க என்று கேட்டுவிட்டாள். வெள்ளி பேச்சில்லை. சனி பேச்சில்லை, வேலைக்குப் போய் வந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

எல்லாரும் அழுதார்கள். பூங்கோதைக்கு வரவில்லை. ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் தோளைப் பிடித்து உலுக்கி, ஓன்னு ஒருக்கா அழுதுரு கோதை, பாரம் இறங்கிரும் என்றார்கள். அவள் தண்ணீர் கேட்டாள். பதினோராம் நாள் சிங்காநல்லூரில் ஒரு மெஷின் நின்றுவிட்டதென்று போன் வர, பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கல்லு என்றார்கள். கல்லெல்லாம் இல்லை. பேசாமலே போய்விட்ட ஆளை நினைத்து எப்படி அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதுதான் சங்கதி. கோபத்தோடு போனானா, கோபம் தீர்ந்து போனானா? இதைத் தெரிந்துகொள்ளாமல் அழுதால் அந்த அழுகை எந்தப் பக்கம் போய்ச் சேரும்?

மெஷின்கள் படிக்க மறந்து ஆறு வாரம் கழித்து, மருதாசலம் கூப்பிட்டார். குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

"அம்மிணி, அந்தப் பழைய பம்ப் ஆர்டர் திரும்ப வந்துருச்சுங்க. அதோட புரோகிராம் திருமூர்த்தி போட்டது. கடைசிச் சனிக்கிழமை போட்டு, கார்டுல ஏத்தி ஏழாம் நம்பர்ல சொருகி வெச்சுட்டுப் போயிருக்கான். அதுக்கப்புறம் அந்த மெஷினை யாரும் ஓட்டல, இப்பத்தான் பார்க்கறோம். படிக்க மாட்டீங்குது."

பூங்கோதை வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டாள். "வாய்ல படிச்சுப் பார்த்தீங்களா?"

"தாளே இல்லீங்களே. அவன் எதைத் தாள்ல எழுதினான்? நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திறக்கும். யாரு கூப்பிட்டாலும் பிழைங்குது."

அவள் போனாள். திரையில் அந்தக் கார்டில் இருந்த ஒரே ஒரு பெயர் தெரிந்தது. ஒரு முட்டை, நாலு, ஒண்ணு, ஏழு. ஏழாம் நம்பரின் திரை அரதப் பழசு. அதில் ஓவும் சைபரும் ஒரே மாதிரி, துளி வித்தியாசம் கிடையாது. கார்டை உருவி லேப்டாப்பில் போட்டாள், காலி என்றது. திரும்ப மெஷினில் போட்டாள், இருக்கிறது என்றது, ஆனால் படிக்க முடியவில்லை என்றது.

அவள் திரையை விரலால் துடைத்துப் பார்த்தாள். அந்த முதல் முட்டை ஓவாக இருந்தால், அவன் சனிக்கிழமை வந்தான், வேலையைப் பார்த்தான், கோபத்தோடு வீட்டுக்கு வந்தான், போய்ச் சேர்ந்தான். சைபராக இருந்தால், திங்கட்கிழமை காலையில் அவளைக் கூப்பிடச் சொல்லிப் போட்டு வைத்தது அது. திங்கட்கிழமை கம்பெனி அவனுக்காகவே லீவு விட்டது, பம்ப் ஆர்டரும் நின்றுபோனது, யாரும் கூப்பிடவில்லை.

"சனிக்கிழமை வரைக்கும் பாருங்க" என்றார் மருதாசலம், அவள் முகத்தைப் பார்க்காமல். "அதுக்கு மேல என்னால நிறுத்தி வெக்க முடியாதுங்க. கார்டை அழிச்சுப்போட்டுப் புதுசா எழுதச் சொல்லீருக்கேன். மனசு கேக்கல, ஆனா ஆர்டரு…"

"தெரியுதுங்ணா" என்றாள்.

திங்கள் போனது, செவ்வாய் போனது. வேற்றுக் கம்பெனி வேலையை முடித்துவிட்டுத் தினமும் மத்தியானம் மூன்று மணிக்கு வருவாள். கேபிளை மாற்றினாள். எர்த் கம்பியைப் புதிதாக இழுத்தாள். கார்டின் பல்லைத் துடைத்தாள். பேட்டையில் இருந்த குரல்களையெல்லாம் கூட்டி வந்தாள். அதட்டுகிறவள் அதட்டினாள், கொஞ்சுகிறவள் கொஞ்சினாள், ஓதுவார்கூட மறுபடி வந்து ஓ நாலு ஒண்ணு ஏழு என்று ஒரு பண்ணில் பாடிப் பார்த்தார். பேட்டைக்கே சங்கதி தெரிந்துவிட்டது. திருமூர்த்தி முதல் எழுத்தில் என்ன போட்டான் என்பது டீக்கடையில் பேச்சாகிவிட்டது. அவன் அப்படிப்பட்டவன் இல்லீங்க, சைபர்தான் என்று பாதிப் பேர், மனுசன் மனசு யாருக்குத் தெரியும் என்று மீதிப் பேர். மற்ற மெஷின்களை மூன்று மணிக்குக் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்கள், ஏழாம் நம்பருக்குக் குரல் தெளிவாகக் கேட்கட்டும் என்று. யாரும் சொல்லிச் செய்யவில்லை.

ஒரேயொரு வழியை மட்டும் அவள் தொடவில்லை. அது ராசம்மிணிக்கும் தெரிந்திருந்தது. வெள்ளிக்கிழமை, சுருளை அள்ளி டிரம்மில் கொட்டிவிட்டு வந்து பக்கத்தில் குத்தவைத்தாள்.

"அம்மிணி, எல்லாரும் ஓன்னேதான் கூப்படறீங்க. ஒருக்காச் சைபர்னு கூப்பிட்டுப் பாக்கறதுதானே?"

பூங்கோதை கார்டை மறுபடி உருவித் துடைத்தாள்.

"பயமா இருக்குதா கண்ணு?"

"சைபர்னு கூப்பிட்டுத் திறக்கலைன்னா, அப்புறம் என்னக்கா இருக்குது எனக்கு?" என்றாள் பூங்கோதை. "இப்ப ஓவோ சைபரோன்னு இருக்குது. அந்தச் சந்தேகத்து 'ஓ'வாவது மிச்சம் இருக்கட்டும்னு விட்டுருக்கேன்."

"நாளைக்கு அழிச்சுப் போடுவாங்களே?"

"ஆமாங்க."

ராசம்மிணி அவள் முதுகை ஒருக்காத் தடவிக் கொடுத்தாள். அப்புறம் எழுந்து போய்விட்டாள்.

சனிக்கிழமை காலை மருதாசலம் வந்து நின்றார். புரோகிராம் புதிதாக எழுத வந்தவர் நாற்காலியில் காத்திருந்தார். பூங்கோதை, ஒரே ஒருக்கா என்று விரலைக் காட்டினாள். மருதாசலம் மற்ற மெஷின்களையெல்லாம் நிறுத்தச் சொன்னார். பக்கத்துக் கம்பெனியிலும் நிறுத்தினார்கள், அதற்குப் பக்கத்திலும் நிறுத்தினார்கள், இப்படியே பேட்டை முழுக்க நின்றுபோக, ரயில் பாதை ஓரத்து வேப்பமரத்தில் காக்கை கத்துவது கேட்டது.

பூங்கோதை ஏழாம் நம்பர் முன்னால் நின்றாள். அந்தப் பக்கம், அவன் துணியால் கை துடைத்துக்கொண்டு நிற்கிற இடத்தில், யாரும் இல்லை. எத்தனையோ தடவை அந்த இடத்தைப் பார்த்திருக்கிறாள், யாரும் இல்லை என்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள். சைபர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதைத்தான் சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது, ஓ.

ஓ என்று ஆரம்பித்தது நிற்கவில்லை. அது ஆங்கில எழுத்தும் இல்லை, சைபரும் இல்லை. ஒரு வருசத்து ஓ. புதுமனைக்கு வர மாட்டேன் என்றதற்கு ஒரு ஓ, நீங்க எதுக்குத்தான் வந்தீங்க என்று கேட்டதற்கு ஒரு ஓ, ஞாயிற்றுக்கிழமை இலையில் அவன் மிச்சம் வைத்த சோற்றுக்கு ஒரு ஓ, வீட்டில் இன்னும் ஆணியில் தொங்குகிற சட்டைக்கு ஒரு ஓ. மெஷினின் மேசையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, முகத்தில் எண்ணெய் அப்ப, தெருமுனைக்குக் கேட்க, ரயில் பாதைக்குக் கேட்க, ஓவென்று அழுதாள். ராசம்மிணி ஓடி வந்து பிடித்தாள், அவளும் சேர்ந்து ஓவென்று அழுதாள். நின்றுபோன மெஷின்களின் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மில்லுக்காரிகளெல்லாம் அங்கங்கே இருந்தபடியே அழுதார்கள், அவரவர்க்கு அவரவர் ஆள் இருந்தான்.

அழுகை விசும்பலாகி ஓய்ந்தபோது ஏழாம் நம்பரின் சிவப்பு வரி போயிருந்தது. புரோகிராம் திறந்து, வரி வரியாகத் திரையில் ஏறிக்கொண்டிருந்தது.

மருதாசலம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "கேபிள் போடுங்க, கேபிள் போடுங்க" என்றார்.

பூங்கோதை புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேபிளை மாட்டினாள். லேப்டாப்புக்குப் புரோகிராம் இறங்கியது. லேப்டாப் திரையில் சைபருக்கு நடுவில் குறுக்கே ஒரு கோடு போட்டிருக்கும், ஓவுக்கு இருக்காது. இந்த முட்டைச் சண்டைக்காகவே பல வருசத்துக்கு முன்னால் அவளே தேடி வைத்த எழுத்து அது. கடைசி வரியிலிருந்து மேலே போனாள். மெதுவாகத்தான் போனாள். நானூறு வரி. கோணல் மாணல் இல்லாத, ஒரு மைனஸ் குறிகூடத் தப்பாத, நல்ல வேலைக்காரனின் நானூறு வரி. முதல் வரிக்கு வந்து நின்றாள்.

முட்டைக்கு நடுவில் கோடு இருந்தது.

"என்ன அம்மிணி, என்ன போட்டிருக்கான்?" என்றாள் ராசம்மிணி. அவளுக்குத் திரையைப் பார்க்கத் தைரியம் இல்லை, பூங்கோதையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பாத்தானுங்கக்கா போட்டிருக்காரு" என்றாள் பூங்கோதை. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு மறுபடி கண்ணும் நிறைந்தது. "திருட்டுப் பய."

சைபரை அழித்து ஓ போட வேண்டும், போட்டால்தான் மெஷின் ஓடும். இருபது வருசமாக அவள் போட்டது போலவே விரல் அந்த எழுத்துக்குப் போனது. போன விரலை எடுத்துவிட்டு, புரோகிராமை அப்படியே ஒரு நகல் எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம்தான் திருத்தினாள். ராசம்மிணி முதல் வரியைப் படிக்க, ஏழாம் நம்பர் நகர்ந்தது, அதைக் கேட்டுப் பக்கத்துக் கம்பெனி ஓடியது, அதற்குப் பக்கத்துக் கம்பெனியும் ஓடியது. பேட்டை பழையபடி வாய் ஓயாமல் படிக்க ஆரம்பித்தது.

பூங்கோதை பையிலிருந்து சர்வீஸ் தாளை எடுத்தாள். மெஷின், ஏழாம் நம்பர். பழுது, படிப்பதில் பிழை. காரணம் என்ற கட்டத்தில் வழக்கம்போல 'ஓவுக்குப் பதில் சைபர்' என்று எழுதப்போய், பேனாவை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுதி மருதாசலத்திடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

'கூப்பிட்டிருக்கிறார். நான் வர லேட்டாகிவிட்டது.'